ரெண்டாவது ஆளையும் பேசவிட வேண்டும்: ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ கேட்டு ஒரு கதையைப் பதிவு செய்து பார்த்த அனுபவம்

சிகாகோவில் டபிள்யூபிஇஇசட் என்ற பொது வானொலி நிலையத்தில் 1995 நவம்பரில் தொடங்கிய நிகழ்ச்சி ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’. முதலில் ‘யுவர் ரேடியோ பிளேஹவுஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், 1996-ல் மாற்றினார்கள். நடத்துபவர் ஐரா கிளாஸ். வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி உண்மையில் நடந்த சில கதைகளை, நாடகத்தில் வருவதுபோல ‘ஆக்ட் ஒன்’, ‘ஆக்ட் டூ’ என்று பிரித்துச் சொல்வார்கள். சில வாரம் ஒரே கதை முழு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

ரொம்ப காலமாகக் கேட்டு வருகிறேன். சில கதைகள் மனதை விட்டுப் போவதே இல்லை. அது ஏன் என்று தெரிந்துகொள்ள, மறக்க முடியாத பகுதிகளை எடுத்துப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கூடவே எங்கள் வீட்டுக் கதை ஒன்றை அதே கவனத்தோடு பதிவு செய்து கோர்த்துப் பார்க்கிறேன். இதுவரை எங்கே வந்து நிற்கிறது என்பதை எழுதி வைக்கிறேன்.

பிரித்துப் பார்க்கும் முறை எளிது. முதல் தடவை வெறுமனே கேட்பது. அப்புறம், நிகழ்ச்சியின் முழு எழுத்து வடிவத்தை அவர்களே இணையத்தில் போடுகிறார்கள் என்பதால், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டில் குறிப்பது: இப்போது பேசுவது யார், இந்த இடத்தில் நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது, இசை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது. இசை நிற்கும் இடங்களைக் குறித்தது பெரிய லாபம். முக்கியமான வாக்கியம் வருவதற்குச் சற்று முன்னால் இசையை எடுத்துவிடுகிறார்கள். பின்னால் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று இல்லாமல் போனதும் காது தானாகக் கூர்மையாகிறது. சோகத்தைக் கூட்டுவதற்காக இசையைப் போடுவதைவிட இது பல மடங்கு வேலை செய்கிறது.

நான் அதிக நேரம் செலவழித்தது 2008-ல் வந்த ‘ஸ்விட்ச்டு அட் பர்த்’ மீது. 1951-ல் விஸ்கான்சின் மாநிலத்துச் சிறிய ஊர் மருத்துவமனை ஒன்றில் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள் மாறிப் போகின்றன. இப்படிப்பட்ட கதைகளில் வழக்கமாக யாருக்கும் உண்மை தெரியாது, கடைசியில் தெரியவரும். இதில் அப்படி இல்லை. ஒரு அம்மாவுக்கு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. கணவர் சர்ச்சில் போதகர், பேசாமல் விட்டுவிடு என்கிறார். அவளும் 43 வருஷம் வாயைத் திறக்கவில்லை. பிறகு இரண்டு மகள்களுக்கும் கடிதம் எழுதுகிறாள்.

செய்தி இவ்வளவுதான், ஒரு பத்தியில் சொல்லி முடிக்கலாம். செய்தியாளர் ஜேக் ஹால்பர்ன் இதை ஒரு மணி நேரம் சொல்கிறார், நாமும் நகராமல் கேட்கிறோம். காரணம் வரிசை. முதல் பாதி முழுக்க மகள்களின் பக்கம். நடு வயதில் கடிதம் வந்து, தான் யார் பிள்ளை என்ற கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள். அந்த அம்மாமீது நமக்குக் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. ‘தெரிந்தும் எப்படிம்மா சும்மா இருந்தே’ என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டாம் பாதியில்தான் அம்மாக்கள் வருகிறார்கள். ஏழு பிள்ளைகள், பிரசவத்துக்குப் பிறகு தேறாத உடம்பு, கணவர் சொல்லை மீற முடியாத வீடு. அவள் பேசப் பேச கோபம் தீரவில்லை, ஆனால் முதலில் இருந்த மாதிரியும் இல்லை. எதுவுமே தெரியாமல் இன்னொருத்தி பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த மற்ற அம்மாவின் குரலும் வருகிறது. அவளுக்கு நடந்தது அநியாயம் என்பதை நிகழ்ச்சி மழுப்பவில்லை. அம்மாக்களை முதலில் பேசவிட்டிருந்தால் இது ஒரு விளக்கமாக முடிந்திருக்கும். நம்மை ஒரு முடிவுக்கு வரவிட்டு அதற்குப் பிறகு அவர்களைக் கொண்டுவந்ததால், அந்த முடிவை நாமே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதைக் குறித்து முடித்தபோதுதான் மாமாவின் கதை ஞாபகம் வந்தது. அம்மாவின் அண்ணன், திருச்சிப் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப விசேஷம் எதுவானாலும் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தக் கதையைச் சொல்வார். தினமும் கடைசி நடையில் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏறுவான். வீட்டுக்கு ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே டிக்கெட் எடுத்து, அங்கேயே இறங்கி மீதித் தூரத்தை நடப்பான். காசு மிச்சம். ஒரு நாள் கொட்டுகிற மழையில் மாமா அவனை இறங்கவிடவில்லை, ‘உட்காருடா’ என்று அடுத்த ஸ்டேஜுக்கும் கூட்டிப் போனார். அன்றைக்குப் பார்த்து செக்கிங் ஏறியது. மாமாவுக்கு மெமோ, இன்கிரிமென்ட் கட். கதை இதுதான். மாமா நல்லவர் என்று எல்லோரும் தலையாட்டுவோம், பாயாசம் வரும்.

இந்தக் கதைக்கும் இரண்டாவது ஆள் இருக்கிறார், அத்தை. அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

பதிவுக்கு என் போன், சட்டையில் மாட்டும் சின்ன மைக், ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள், இவ்வளவுதான். முதலில் மின்விசிறியை நிறுத்தினேன். ஏப்ரல் வெயிலில் அது சுலபமான காரியம் இல்லை, மாமா துண்டால் விசிறிக்கொண்டே பேசினார், அந்த சத்தமும் பதிவில் இருக்கிறது. பேச்சு தொடங்குவதற்கு முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னால் வெட்டி ஒட்டும் இடங்களில் அந்தச் சத்தத்தை அடியில் போட்டால் வெட்டு தெரியாது. மாமாவும் அத்தையும் ஒன்றாக உட்காரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். சேர்ந்து உட்கார்ந்தால் அத்தை தலையை மட்டும்தான் ஆட்டுவார்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஐரா கிளாஸ் பேசிய காணொளிகள் உதவின. அவர் கணக்கில் வானொலிக் கதைக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, இது நடந்தது, அதற்கப்புறம் இது நடந்தது என்ற சங்கிலி. இன்னொன்று, எங்காவது நின்று, இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம் என்று யோசிப்பது. மாமாவிடம் சங்கிலிக்குப் பஞ்சமே இல்லை. பேட்டரி லைட் வெளிச்சத்தில் இன்வாய்ஸ் என்கிற டிக்கெட் கணக்குத் தாளை எழுதிக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் முன் படியில் ஏறியது, பையன் டிக்கெட்டை உள்ளங்கையில் சுருட்டி மறைத்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. ‘அந்த மெமோ கையிலே வாங்கினப்போ என்ன நினைச்சீங்க மாமா?’ என்று கேட்டால் மட்டும், ‘அதெல்லாம் விடு மாப்ள’ என்று முடித்துவிடுவார்.

இங்கேதான் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’-ன் இன்னொரு பகுதி கைகொடுத்தது. 2016-ல் வந்த ‘ஒன் லாஸ்ட் திங் பிஃபோர் ஐ கோ’. ஜப்பானில் ஓட்சுச்சி என்ற கடலோர ஊர். இத்தாரு சசாகி என்பவர் 2010-ல் தன் உறவினர் ஒருவரை இழக்கிறார். தோட்டத்தில் ஒரு வெள்ளை டெலிபோன் கூண்டு வைத்து, உள்ளே எந்த இணைப்பும் இல்லாத பழைய கறுப்புச் சுழல் போனை வைக்கிறார். தன் எண்ணங்களைக் காற்று கொண்டுபோகட்டும் என்று அதில் பேசுகிறார். அடுத்த வருஷம் 2011 மார்ச் 11 சுனாமி. ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு, பிரிந்தவர்களோடு பேச வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் அந்தக் கூண்டுக்கு வருகிறார்கள். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே எடுத்த ஆவணப்படத்தின் ஒலியை வைத்து நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் மிக்கி மீக் இதைச் சொல்கிறார். பேரப்பிள்ளைகள் தாத்தாவிடம் அடுத்து எந்த வகுப்புக்குப் போகிறோம், வீட்டுப்பாடம் முடித்தாச்சு என்று சொல்வது வரும். பெற்றோர், மனைவி, பிள்ளை எல்லோரையும் இழந்த ஒருவர், புது வீடு கட்டிவிட்டேன், நீங்கள் இல்லாமல் அதற்கு அர்த்தமில்லை என்கிற மாதிரி பேசுவது வரும். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்னால் ரிசீவரை எடுத்தவர் ஒன்றும் பேசாமல் நிற்கும் நொடிகள்தான் என்னை உலுக்கின. அந்த மௌனங்களை மீக் வெட்டி எறியவில்லை.

அதைக் கேட்ட பிறகு மாமாவிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். அவர் ‘விடு’ என்றதும் அடுத்த கேள்விக்குப் போகாமல் சும்மா இருந்தேன். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. துண்டு விசிறும் சத்தம் நின்றது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: ‘பையன் முன்னாடியே திட்டுனாங்கடா. அவன் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தான்.’ இத்தனை வருஷத்தில் எந்த விசேஷத்திலும் இந்த வரி வந்ததில்லை. அந்த இடத்தில் மௌனத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை, குக்கர் சத்தத்தையும் எடுக்கவில்லை.

வெட்டும்போது புரிந்த ஒரு நுணுக்கம்: மூச்சை வெட்டக்கூடாது. வாக்கியத்துக்கு முன்னால் ஆள் இழுக்கும் மூச்சை முழுதாக விட வேண்டும், இல்லையென்றால் முழுதாக எடுக்க வேண்டும். பாதி மூச்சில் வெட்டினால் கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ இடறும்.

அத்தையிடம் தனியாகப் பேசியது கொல்லைப்புறத்தில், மாமா மத்தியானம் தூங்கிய நேரத்தில். ‘அவரு நல்லவருதான், யாரு இல்லேன்னா? இன்கிரிமென்ட் போன பிறகு பால்காரருக்கு மூணு மாசம் பதில் சொன்னது நானு. அந்தக் கதையிலே நான் எங்கயாச்சும் வர்றேனா?’ குரலை உயர்த்தவே இல்லை. தொடர்ந்து, ‘மழைங்கிறாரு. எனக்குத் தெரிஞ்சு அது முழுப் பரீட்சை சமயம்’ என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு 2012 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஜனவரியில், மைக் டெய்ஸி என்ற மேடைக் கதைசொல்லி சீனாவின் ஷென்ஜென் நகரத்து ஆப்பிள் சாதனத் தொழிற்சாலையில் தான் கண்டதாகச் சொன்னவற்றை இந்த நிகழ்ச்சி ஒலிபரப்பியது. ஏராளமானவர்கள் கேட்டார்கள். பிறகு ‘மார்க்கெட்பிளேஸ்’ என்ற வேறொரு வானொலி நிகழ்ச்சியின் செய்தியாளர் ராப் ஷ்மிட்ஸ், டெய்ஸி கூட்டிப்போன மொழிபெயர்ப்பாளரையே சீனாவில் தேடிப் பிடித்தார். முக்கியமான பல காட்சிகள் நடக்கவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னார். நிகழ்ச்சி ஒரு வரி மறுப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. மார்ச் மாதம் ஒரு முழு மணி நேரத்தை ‘ரிட்ராக்ஷன்’ (சொன்னதைத் திரும்பப் பெறுதல்) என்ற பெயரில் அதற்கே ஒதுக்கியது. ஐரா கிளாஸ் நேருக்கு நேர் கேட்கிறார், டெய்ஸி பதில் வராமல் நீண்ட நேரம் தடுமாறுகிறார், அந்த மௌனமும் அப்படியே ஒலிபரப்பானது. இந்த நிகழ்ச்சி செய்ததிலேயே நான் அதிகம் மதிப்பது இந்த மணி நேரத்தைத்தான். உண்மைக் கதை என்று பெயர் வைத்துவிட்டால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

மாமா பொய் சொல்கிறவர் இல்லை. இருந்தாலும் கேட்டேன். ‘திருச்சி வெள்ளம் வந்த வருஷம்டா, எப்படி மறக்கும்?’ என்றார். அது 1977 நவம்பர். பீரோவில் சர்வீஸ் காகிதங்களை மஞ்சள் பையில் வைத்திருந்தார். ரெண்டு பேரும் தரையில் பரப்பித் தேடினோம். மெமோ கிடைத்தது, மடிப்பில் கிழிந்து, மை மங்கி. தேதி 1979 ஏப்ரல். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ‘மழை பேஞ்சுதேடா’ என்றார். மைக் ஓடிக்கொண்டிருந்தது, பதிவில் இருக்கலாமா என்று கேட்டேன், ‘இருக்கட்டும்’ என்றார்.

கோடை மழையாக இருந்திருக்கலாம். இரண்டு வெவ்வேறு இரவுகள் அவர் நினைவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். மெமோவில் மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, டிக்கெட்டுக்கு மேற்பட்ட தூரம் பயணம் என்று மட்டும் இருக்கிறது. வெள்ள வருஷம் என்ற வரியை நீக்கிவிடலாம் என்று தம்பி சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. மாமா வெள்ள வருஷம் என்று சொல்வது, அத்தை பரீட்சை சமயம் என்பது, பிறகு காகிதம் புரளும் சத்தம், இந்த வரிசையில் வைத்திருக்கிறேன். எது சரி என்று என் குரலில் எதுவும் சொல்லவில்லை.

இப்போது கோர்வை இப்படி நிற்கிறது. முதல் பகுதி, விசேஷ வீட்டில் சொல்வதுபோலவே மாமாவின் கதை, மெமோவோடு முடிகிறது. இரண்டாம் பகுதி அத்தை. பால் பாக்கி, முழுப் பரீட்சை, மஞ்சள் பை. மாமாவின் ‘என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தான்’ என்ற வரியை முதல் பகுதியிலிருந்து எடுத்து இரண்டாம் பகுதியின் கடைசிக்கு நகர்த்தினேன், அத்தை சொன்னதற்குப் பிறகு வந்தால்தான் அதற்கு எடை இருக்கிறது. இசை இன்னும் போடவில்லை. இரண்டு பகுதிக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் போதும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது ஆள் அந்தப் பையன். இப்போது அறுபதை நெருங்கியிருப்பார். அந்த ஊரிலேயே உரக்கடை வைத்திருப்பதாக மாமாவுக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் சொல்லி, எண்ணும் வாங்கித் தந்திருக்கிறார். கதையை முதலில் நான் சொல்லி அவரிடம் ஆமாம் வாங்கக்கூடாது. பள்ளிக்கூடம் போன பஸ்ஸைப் பற்றிக் கேட்பேன், கண்டக்டர்களைப் பற்றிக் கேட்பேன். மழை என்ற சொல்லை நான் எடுக்க மாட்டேன். அவருக்கு அந்த இரவு ஞாபகமே இல்லை என்றால் அதையும் மாமாவிடம் சொல்லத்தான் வேண்டும், அத்தை பக்கத்தில் இருக்கும்போதே சொல்வதாக இருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், அன்றைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.