மச்சானின் சட்டைப்பை

என் மச்சானுக்கு மாரடைப்பு வந்தபோது வயது 37. பர்மாவில் மண்டலே – மூசே சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். யாங்கோனில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அத்தை அவன் சட்டையை என் கையில் கொடுத்தார்கள். பையில் பாலிதீன் தாளில் சுருட்டிய நாலைந்து உருண்டைகள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, தார் மாதிரி கறுப்பு, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அபின். இருபது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன், வீட்டுக்குள் நடந்தது தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

முதுகுவலிக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று என்று ஆறு வருஷமாகத் தேநீரோடு விழுங்கியிருக்கிறான். ஷான் மலைப்பக்கம் அது கிடைப்பதா கஷ்டம்? ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் 2022இல் தடை போட்டபிறகு, 2023இல் உலகிலேயே அதிகம் அபின் விளைவித்த நாடு பர்மாதான். ஐ.நா. கணக்கில் சுமார் 1,080 டன்.

போதைக்காகத் தின்றேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. "நெஞ்சுக்கு நல்லது அத்தான், ரத்தத்தை இளக்கும்னு பெரிய டிரைவருங்க சொன்னாங்க" என்றான். ஈரானிலும் இதே நம்பிக்கை உண்டு, அங்கே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கோலஸ்தான் மாகாணத்தில் 50,045 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், அபின் பழகியவர்கள் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 86 சதவீதம் அதிகம். இதயநோய்ச் சாவும் ஏறத்தாழ அதே அளவு கூடியிருந்தது. சிகரெட்டைக் கணக்கில் கழித்த பிறகும் இப்படி. அவர்கள் 40 வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். சின்ன வயதில் இதயக்குழாய் அடைத்தவர்களைத் தனியாகப் பார்த்த ஈரானிய ஆய்வுகளிலும் அபின் வந்து நிற்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? மாரடைப்புக்கு ஆஸ்பத்திரியில் மார்ஃபின் ஊசி போடுவதுண்டு. அதுவும் அபினிலிருந்து எடுப்பதுதான். வலி அடங்கியதைப் பார்த்தவர்கள் இதயமே குணமாகிவிட்டது என்று நினைத்திருக்கலாம். அடைப்பு அப்படியேதான் இருக்கும். போதாததற்கு மார்ஃபின் குடலை மந்தமாக்கும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை உடம்பில் சேரவும் தாமதமாகும்.

மச்சானுக்கு நடந்தது இதுதான். லாஷியோவில் சரக்கு ஏற்றும்போது நெஞ்சில் பாரம், இடது தோள்வரை இழுத்தது. ஒரு உருண்டை போட்டான், அடங்கியது. மறுநாள் பின் ஊ ல்வின் இறக்கத்தில் மறுபடியும். இன்னொன்று. மூன்றாம் நாள் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்தபிறகுதான் கிளீனர் பையன் எங்களுக்குப் போன் போட்டான். அதற்குள் இதயத்தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. வலிதான் நம்மை ஆஸ்பத்திரிக்கு விரட்டும். அந்த வலியையே அவன் மூன்று நாள் வாயடைத்து வைத்திருந்தான்.

சட்டென்று நிறுத்தவும் விடக்கூடாது. அந்த அவஸ்தையில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், பழுதான இதயத்துக்கு அது ஆகாது. டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னோம். பர்மாவில் 2006 முதல் மெத்தடோன் சிகிச்சை இருக்கிறது; அபினுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்து அது. அவனும் இப்போது தினம் காலையில் போய் நர்ஸ் முன்னால் குடித்துவிட்டு வருகிறான்.

போன வாரம் அந்தக் கிளீனர் பையன் கடைக்கு வந்தான். வயது 22. முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சட்டைப்பையில என்ன இருக்கு தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, எடுத்து மேஜைமேல் வைத்தான்.