செந்தூல் வீட்ல உறுமி ரெக்கார்டிங்

தைப்பூசத்துக்கு முன்னாடி பசங்க உறுமி மேளத்த தூக்கிட்டு வந்துட்டானுங்க, "அண்ணே உங்க கீபோர்ட்லயே ரெக்கார்ட் பண்ணிருவோம்"னு. நம்மகிட்ட இருக்குறது கோர்க் க்ரோனோஸ், 16 மிடி ட்ராக் (எந்த கட்டைய எப்ப அமுக்குனோம்னு மட்டும் பதியும்), 16 ஆடியோ ட்ராக் (சத்தத்தையே பதியும்), ஒரே நேரத்துல நாலு ஆடியோ ட்ராக் எடுக்கலாம். 1988ல வந்த கோர்க் எம்1 கீபோர்ட்ல சீக்வென்சர் (வாசிச்ச நோட்ஸ பதிஞ்சு திருப்பி வாசிக்கிறது) இருந்துச்சு, ஆனா ஆடியோ ட்ராக்கே கிடையாது, அத நெனச்சா இது ராஜ வாழ்க்கைதான்.

பிரச்சன க்ளிக்தான் லா, அதான் ஹெட்போன்ல வேகம் காட்டுற டிக் டிக் சத்தம். உறுமிக்காரன் க்ளிக்குக்கு அடங்கவே மாட்டான், இழுத்துட்டே போறான், பின்னாடி பேஸ் லூப் (திரும்பத் திரும்ப ஓடுற பேஸ் துண்டு) போட்டா ரெண்டும் ரெண்டு திசைல போகுது. அப்புறம் நானே ஒரு சிம்பிள் தவில் லூப் வாசிச்சு க்ளிக்குக்கு பதிலா ஹெட்போன்ல விட்டேன், பய சரியா உக்காந்துட்டான்.

அடுத்து மூனு உறுமி டேக்கையும் ஒரே ஸ்டீரியோ ட்ராக்கா பவுன்ஸ் பண்ணேன், அதாவது கலந்து ஒன்னாக்குனேன். தனித்தனியா நல்லாத்தான் இருந்துச்சு, கூட்டுனதும் ஒரே கிளிப்பிங், சத்தம் அளவு மீறி ஒடஞ்சு கேட்டுச்சு, ஒவ்வொன்னையும் 6 டிபி (டெசிபல்) எறக்கி மறுபடி பண்ண வேண்டியதா போச்சு. பவுன்ஸ் ஆனப்புறம் ஒரு உறுமிய மட்டும் கொறைக்க முடியாது, அதனால பழைய ட்ராக்க அழிக்காதீங்க, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு 8.64 எம்பி எடம்தான் புடிக்கும்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவ தட்டுனதும் ரெண்டாவது டேக்ல பதிவாயிருக்கு. தாளத்துல விழுந்ததால விட்டுட்டேன்.