பசுமைக்குள் ஒரு சுற்று

ஞாயிறு காலை கிராவல் சைக்கிளை (மண், பொடிக்கல் பாதைகளுக்கான அகல டயர் சைக்கிள்) எடுத்துக்கொண்டு சிங்கப்பூரின் புக்கிட் தீமா பக்கம் போனேன். பழைய இரும்புப் பாலத்திலிருந்து ரயில் காரிடாரில் வடக்கே போவது சுகம். மலேசிய ரயில் ஓடிய தடம், 2011-இல் சிங்கப்பூர் கைக்கு வந்தது. பொடிக்கல் பாதை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அரட்டை அடித்துக்கொண்டே மிதிக்கலாம்.

அப்புறம் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதி வழியாக செஸ்நட் இயற்கைப் பூங்காவுக்குத் திரும்பினால் கதையே வேறு. 81 ஹெக்டேர் காடு. நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை என்பதால் நிம்மதி. ஆனால் முந்தைய நாள் மழையில் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கியது. குறுக்கே கிடக்கும் வேர்களில் சாய்வாக ஏறினால் முன்சக்கரம் அப்படியே விலகிவிடும். நேராக, பின்பக்கம் எடையைத் தள்ளி, பிரேக்கைத் தொடாமல் தாண்ட வேண்டும். 40 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கியதும்தான் பிடிமானம் வந்தது.

திரும்பும்போது புக்கிட் தீமா மலைச் சைக்கிள் தடம். குன்றின் உயரம் 163 மீட்டர்தான், சிரிக்காதீர்கள்! பாறைகள் நிறைந்த இறக்கத்தில் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் போய்ப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன், வெட்கமே இல்லை.

குரங்குகள் பைகளை நோட்டம் விடும். வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள். அடுத்த வாரம் யாராவது வருகிறீர்களா? மலைச் சைக்கிள் இருந்தால் அதையே கொண்டு வாருங்கள்.