நாட்டியமும் எடையும்: "சாப்பிடு" என்று சொல்ல ஒரு டாக்டர் கிடைக்க நான் பட்ட பாடு

நான் எத்தனை கிலோ இருந்தேன், எத்தனை குறைத்தேன் என்பது இதில் வராது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். உடம்பு கெட்டிருந்த காலத்தில் யாராவது இப்படி எழுதியிருந்தால் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவேன். "அவளைவிட நான் கூட" என்று கணக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைப் படிக்க மாட்டேன்.

ஆரம்பம் பரதநாட்டியம் ஆடுகிற பலருக்கும் தெரிந்த கதைதான். குழு நிகழ்ச்சிக்கு எல்லாருக்கும் ஒரே அளவில் காஸ்ட்யூம் தைத்து வந்தது. எனக்கு ரவிக்கைக் கொக்கி எட்டவில்லை. தையற்காரர் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, "பிரிச்சு விடறதுக்குத் துணி இல்லைங்களே" என்றார். "துணி இல்லைன்னா என்ன, அவ உள்ள போகட்டும்" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் இரவுச் சாப்பாடு நின்றது, அப்புறம் சோறு, அப்புறம் வகுப்புக்கு முன்னால் எதையும் வாயில் போடுவது. எடை மளமளவென்று இறங்கியது. முதலில் இப்படி இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடம்பு சேர்த்து வைக்கும் கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இதை அன்றைக்கு யார் சொன்னார்கள்? டீச்சர் மெச்சினார், காஸ்ட்யூம் ஏறியது, அவ்வளவுதான்.

மாதவிடாய் நின்றபோதும் யாரும் பதறவில்லை. கூட ஆடிய பெண்களில் வேறு சிலருக்கும் அப்படித்தான் இருந்தது. "ரொம்ப ஆடினா அப்படித்தான்" என்பது எங்கள் வகுப்பில் ஒரு சான்றிதழ் மாதிரி. தயவுசெய்து இதை நம்பாதீர்கள். கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் வரவில்லை என்றாலே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

நான் டாக்டரிடம் போனது அதற்காகக்கூட இல்லை, காலுக்காக. வர்ணம் என்கிற நீண்ட உருப்படியின் பிற்பாதியில், தட்டி முடிக்கும் இடத்தில், இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் சுருக்கென்று ஒரு வலி. நாளாக ஆக, படுத்திருக்கும்போதும் வலித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஒண்ணும் இல்லை, சதைப்பிடிப்பு, தைலம் தேய்ச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆடினேன். வலி கூடியது. வேறொருவரிடம் போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்ட முடியுமா?" முடிந்தது. எலும்பின் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது வேறு. ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் குத்தினால் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரைச் சந்தேகிக்க வேண்டுமாம். எம்ஆர்ஐயில் மயிரிழை விரிசல் தெளிவாகத் தெரிந்தது. இந்த வகை விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே "எக்ஸ்ரே கிளியர்" என்றதும் சலங்கையைக் கட்டிவிடாதீர்கள்.

காலுக்கு ஓய்வு என்று சொன்ன அந்த டாக்டர், "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா? அதையும் பார்த்துடுங்க" என்று சேர்த்துச் சொன்னார். அங்கேதான் என் அலைச்சல் தொடங்கியது.

மகப்பேறு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் சினைப்பையில் நிறைய சின்னச் சின்ன நீர்ப்பைகள் என்று வந்தது. "பிசிஓடி" என்றார். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்திருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பார். நிமிராமலே "வெயிட்டைக் குறைங்க, அரிசியை நிறுத்துங்க" என்று எழுதிக் கொடுத்தார். கூடவே மாதவிடாய் வருவதற்கு ஹார்மோன் மாத்திரை. சாப்பாடு போதாமல் மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஸ்கேனில் இதே தோற்றம் வரலாம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஸ்கேனை மட்டும் வைத்துப் பிசிஓடி என்று யாராவது சொன்னால், "நான் தினமும் இவ்வளவு நேரம் ஆடுகிறேன், இவ்வளவுதான் சாப்பிடுகிறேன்" என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

அங்கிருந்து உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அச்சடித்த ஒரு தாள், நாளுக்கு 1200 கலோரி. தலைப்பில் "முழங்கால் வலி" என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு "பிசிஓடி" என்று எழுதியிருந்தார். எனக்கு முன்னால் வெளியே வந்த பாட்டியின் கையிலும் அதே தாள்தான். அடிக்கவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

அந்தத் தாள் எவ்வளவு அபத்தம் என்பதற்கு இப்போது எனக்குக் கணக்கே தெரியும். சாப்பிட்ட கலோரியில் ஆட்டத்துக்குச் செலவானதைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருப்பதை, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். நாளுக்கு, கிலோவுக்கு 45 கலோரி இருந்தால் இதயம், எலும்பு, ஹார்மோன் எல்லாம் நிம்மதியாக ஓடும். 30க்குக் கீழே நெடுநாள் போனால் உடம்பு ஒவ்வொன்றாக விளக்கை அணைக்க ஆரம்பிக்கும், முதலில் அணைவது பெரும்பாலும் மாதவிடாய். உதாரணத்துக்கு, கொழுப்பு நீங்கலாக 40 கிலோ உள்ள ஒருத்தி, வகுப்பில் 500 கலோரி செலவழிக்கிறாள். 1200 கலோரித் தாளைப் பின்பற்றினால் மிச்சம் 700, அதாவது கிலோவுக்கு 17.5. அவளுக்கு உண்மையில் வேண்டியது 2300. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தப் பற்றாக்குறைக்கு 2014இல் 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்து அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்காக எழுதியது, ஆனால் தினமும் முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்காரும் நமக்கும் அப்படியே பொருந்தும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் வீணானது அதில்தான். மாத்திரையால் இரத்தப்போக்கு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அது உடம்பு தானாக வரவழைத்ததில்லை, மாத்திரை நின்றதால் வருவது. எலும்புக்கும் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. அப்புறம் தோழி ஒருத்தி சொல்லி, நாளமில்லாச் சுரப்பி சிறப்பு டாக்டரிடம் போனேன். வாசலிலேயே படிவம். "கடைசி மாதவிடாய் தேதி" என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். "தேதி போடாம ஃபைல் உள்ள போகாதும்மா" என்றார் முன்மேசை அம்மா. மாத்திரை போட்டு வந்தது என்றேன். "வந்துச்சா இல்லையா? வந்துச்சுன்னா போடு" என்றார். போட்டேன். உள்ளே டாக்டர் அதைப் பார்த்து, "ரெகுலராத்தானே இருக்கு?" என்றார். முழுக்க விளக்கிச் சொன்னதும்தான், நான் கையோடு எடுத்துப் போயிருந்த இரத்தப் பரிசோதனையை ஒதுக்கி வைத்தார். எல்எச், எஃப்எஸ்எச், ஈஸ்ட்ரடியால் என்று மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள் எல்லாம் மாத்திரை சாப்பிடும்போது எடுத்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி ஊசி, மறுபடி காசு. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த இடத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

படிவத்தில் அந்தக் கட்டம் வந்தால் நான் இப்போது இரண்டு தேதி எழுதுகிறேன்: "மாத்திரையால் வந்தது", "தானாக வந்தது". கட்டம் பத்தாவிட்டால் ஓரத்தில் எழுதுவேன். திட்டினால் திட்டட்டும்.

மறுபரிசோதனையில் தைராய்டு, புரோலாக்டின் சரியாக இருந்தன. எல்எச்சும் ஈஸ்ட்ரடியாலும் தரையில் கிடந்தன. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டம். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட் சிவப்பு எழுத்தில் 'ஆஸ்டியோபீனியா' (எலும்பு அடர்த்திக் குறைவு) என்று வந்து என் அம்மாவை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. இளம் பெண்களுக்கு, எலும்பு உச்ச வலுவில் இருக்கும் இளவயதினரோடு ஒப்பிடும் டி-ஸ்கோரைப் பார்க்கக் கூடாதாம், சம வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் எனக்குக் குறைவுதான், ஆனால் பாட்டிமார் கணக்கு இல்லை. ரிப்போர்ட்டை டாக்டர் படித்துச் சொல்லும்வரை வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள்.

டாக்டர் எழுதிய சீட்டில் மருந்து என்று பார்த்தால் இரும்பு, வைட்டமின் டி, கால்சியம். மேலே பெரிய எழுத்தில்: "சாப்பாடு. விளையாட்டுத்துறை உணவு ஆலோசகரைப் பார்க்கவும்." இதைக் கேட்க எத்தனை வாசல்!

இந்த ஆலோசகர் என்னை எடை மேடையில் திருப்பி நிற்க வைத்தார். எண்ணை அவர் மட்டும் குறித்துக்கொண்டார். அட்டவணை எதுவும் தரவில்லை. வகுப்பு எத்தனை மணிக்கு, ஒத்திகை எத்தனை மணிக்கு, இடைவேளை இருக்கிறதா என்று நேரத்தைத்தான் துருவினார். பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழமாவது, வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த ஏதாவது. ராத்திரி சோறு, பருப்பு, முட்டை, தயிர், அளக்காமல். இரும்பு மாத்திரையை காபி, டீயோடு போட்டால் சாரம் சரியாக ஏறாது, எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார். கால்சியம் மாத்திரைக்கு வேறு நேரம்.

முதல் சில வாரம் கொடுமை. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. பட்டினி கிடந்த குடல் மெதுவாகத்தான் வேலைக்குத் திரும்பும், அது தானாகச் சரியாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினேன். எடையும் முதலில் சட்டென்று ஏறும், போன தண்ணீர் திரும்பி வருகிறது. பலர் இங்கேதான் பயந்து ஓடிவிடுகிறார்கள். எடை மேடையை அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நாள் முழுக்க சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு, சமையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிற என் பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. 1944–45இல் அமெரிக்காவில் 36 ஆண்களைப் பாதி வயிற்றில் வைத்து நடத்திய மின்னசோட்டா ஆய்வில் அவர்களும் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்களாம். மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று டீச்சர் சொன்னதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

டீச்சரிடம் பேசியது தனிக் கதை. எம்ஆர்ஐ படத்தைக் காட்டினேன், அசரவில்லை. "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தார். எழுத்தில் கேட்டு வாங்கிய டாக்டர் கடிதம்தான் வேலை செய்தது: குதிக்கும் அடவுகள் இப்போதைக்கு வேண்டாம், இடைவேளையில் சாப்பிட அனுமதிக்கவும். லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்குங்கள், வாய்வார்த்தை எடுபடாது. ஒத்திகை நடுவில் டப்பாவைத் திறந்த முதல் நாள் எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு பெண்ணும் டப்பா கொண்டுவந்தாள்.

மாதவிடாய் தானாக வந்த அன்று ஒத்திகையை விட்டுவிட்டு டாக்டருக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன். கைகள் எப்போதும் சில்லிட்டிருந்தது அதற்கு முன்பே போயிருந்தது. முத்திரை பிடிக்கும்போது விரல் நுனி வெளுக்கவில்லை. வர்ணத்தை முழுதாக ஆடி முடித்தபோது கடைசித் தீர்மானம் என்கிற வேகமான அடவுக் கோர்வையில்கூட அரைமண்டி தளர்ந்து மேலே ஏறவில்லை. ஒல்லியாக இருந்த காலத்தில் அது எனக்கு ஒருநாளும் அமைந்ததில்லை. புதிய காஸ்ட்யூம் தைத்தபோது பக்கவாட்டில் தாராளமாக உள்துணி விடச் சொன்னேன். தையற்காரர் மறுபேச்சில்லாமல் விட்டார். எல்லாத் தையற்காரரும் கேட்டால் விடுவார்கள், கேட்க வேண்டும்.

எலும்பு மட்டும் நிதானமாகத்தான் தேறும் என்கிறார்கள். அடுத்த டெக்ஸா இனிமேல்தான், அதுவரை குதித்து மெட்டு என்கிற குதிக்கும் அடவு எனக்குப் பாதி வேகத்தில். இரண்டாம் முறை எடுக்கப் போகிறவர்கள் முதலில் எடுத்த அதே மையத்திலேயே, முடிந்தால் அதே இயந்திரத்திலேயே எடுங்கள். வேறு இயந்திரத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏறியதா இறங்கியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட்டின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள், அவர்கள் கணினியில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.