கோழி பிழைத்தது, தாராக் குஞ்சு செத்தது

மட்டக்குளியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஏற்கனவே நாலு கோழி நிற்கிறது. மே கடைசியில் ஆசைப்பட்டு ஒரு நாள் வயதில் பத்துத் தாராக் குஞ்சு வாங்கினேன்.

9ஆம் நாள்: காலையில் இரண்டு செத்துக் கிடந்தன. முதல் நாள் இரவு ஓடித் திரிந்தவை. காயம் இல்லை, அப்போ எலி இல்லை. பல்ப் எரிந்துகொண்டிருந்தது, பெட்டிக்குள் 29 பாகை. தண்ணீர்ச் சட்டிக்குள் இறங்கி நனையாதபடி கல்லும் போட்டிருந்தேன். அம்மம்மா நாவூறு என்றார்.

10: கண் முன்னாலேயே ஒன்று போனது. கழுத்து முதுகுப்பக்கம் வளைய, காலை உதைத்து உதைத்து அடங்கியது. தாராக் குஞ்சுகளுக்கு வரும் வைரஸ் ஈரல் அழற்சியில் இப்படித்தான் ஆகுமாம். அதுதான் என்று முடிவு கட்டி, பெட்டியை மருந்து போட்டுக் கழுவினேன்.

11: இன்னும் இரண்டு. ஒன்றைப் பையில் சுற்றி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். உறைய விட்டால் உள்ளுறுப்பு சிதைந்து, வெட்டிப் பார்த்தும் பயனில்லை. (வீட்டில் நடந்த சண்டையை எழுதவில்லை.) மிருக வைத்தியர் அறுத்துக் காட்டினார்: ஈரல் வீங்கி வெளிறியிருந்தது. வைரஸ் என்றால் அதில் இரத்தப் புள்ளிகளைத் தேடுவார்களாம், இதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"என்ன தீன் போடுறீங்க?"

"கோழிக்குப் போடுற சோளக்குருணலும் தேங்காய்ப் புண்ணாக்கும்தான் டொக்டர். கோழிக்கு ஒண்டும் இல்லையே."

"கோழி தாங்கும் தம்பி, இது தாங்காது."

வந்து மூட்டையைக் கவிழ்த்தேன். ஈரச் சீமெந்துத் தரையில் இருந்ததால் அடிப்பகுதி கட்டிபட்டு, பச்சைப் பூஞ்சணம். பருவமழை நேரம் வேறு. அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குவது இந்த வகைப் பூஞ்சணம்தான். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தபோது, நிலக்கடலைப் புண்ணாக்கில் பிடிபட்டது இதுதான். பிறகு அந்த நஞ்சைச் சோதிக்கவே தாராக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவு எளிதில் சாகும். நானோ கோழியைப் பார்த்துத் தீனை மன்னித்துவிட்டேன்!

வெயிலில் காயவைத்தோ வறுத்தோ தேற்றலாமா என்று யோசித்தேன். அந்தச் சூட்டுக்கு நஞ்சு முழுதாகப் போகாது. கோழிக்கும் நிறுத்தினேன். இப்போது குஞ்சுத்தீன் இரண்டு கிலோவாக வாங்கி, பலகை மேல் மூடிய வாளியில் வைக்கிறேன்.

16: ஒன்று செத்தது. பழைய பாதிப்பாக இருக்கலாம்.

24: நாலு மிச்சம், நன்றாகத் தின்கின்றன. ஆனால் ஆத்திரத்தில் மூட்டையை முழுதாக எறிந்துவிட்டேன். சோதனைக்கு ஒரு பிடிகூட எடுத்து வைக்கவில்லை, அதனால் புண்ணாக்கின் மேல் என் குற்றச்சாட்டு இன்னும் சந்தேகமாகவே நிற்கிறது.