64 கிலோ அரிசியைத் திருப்பிக் கொடுத்தோம்

அழகர்கோவில் சாலைப் பக்கம் இருக்கிற அந்த முதியோர் இல்லத்துக்கு முதல் தடவை போன் செய்தபோதே, பொறுப்பில் இருந்த அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அரிசி எங்களுக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு சார். பொறந்தநாளு, நெனவு நாளுன்னு வர்றவங்க எல்லாம் மூட்டையோடதான் வர்றாங்க. உப்பு இல்ல. குளிக்கிற சோப்பு இல்ல. பெரியவங்களுக்குப் போடுற டயப்பர் கெடச்சா புண்ணியமாப் போகும்."

"சரிங்கக்கா" என்று போனை வைத்தேன். வைத்த கையோடு துண்டுச் சீட்டில் "அரிசி, பருப்பு, எண்ணெய்" என்று எழுதி ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்து அனுப்பினேன். வீடு வீடாகப் போய் உப்புக் கேட்பதா என்று கூச்சம். தானம் என்றால் அரிசி என்று மண்டையில் ஊறிப்போனதும் ஒரு காரணம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தச் சீட்டுத்தான் ஆரம்பம்.

நான் பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஆறு வருடமாகச் சாரணர் படைக்கும் பொறுப்பு. நவம்பர் 7 பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் நிறுவன நாள். 1950-இல் தொடங்கியது. அந்த வாரம் வழக்கமாகக் கொடி ஸ்டிக்கர் விற்போம். உண்டியல் குலுக்குவது எனக்கு என்றைக்குமே ஒப்பவில்லை. பையன் வெயிலில் நிற்பான், வண்டியில் போகிறவர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சில்லறையைப் போட்டுவிட்டுப் போவார். போதாக்குறைக்கு, பெரிய பையன்கள் சிலர் ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில அளவிலான சாரணர் விருதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். லாக் புக்கில் சேவைப் பதிவு காட்ட வேண்டும். பள்ளி வாசலைப் பெருக்கி, விளக்குமாற்றோடு போட்டோ எடுத்து ஒட்டுகிற சேவையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் சென்ற வருடம் பொருள் சேகரிக்கலாம் என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிறு வீடுகளில் பையைக் கொடுத்துவிட்டு வருவது, அடுத்த ஞாயிறு போய் வாங்கிக்கொள்வது.

தலைமையாசிரியர் கையெழுத்தும் மாவட்டச் செயலருக்கான கடிதமும் ஒரே நாளில் முடிந்தன. 24 பையன்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்குவதற்குத்தான் ஒரு வாரம் ஆனது. தாளை மட்டும் கொடுத்தனுப்பினால் அப்பா கையெழுத்தைப் பையனே போட்டுக்கொண்டு வந்துவிடுவான் (பிரமாதமாகப் போடுகிறார்கள்). அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தேன். ஒரு அம்மா, "பிச்சை எடுக்கவா சார் அனுப்புறீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, நிஜமான சந்தேகம். காசு வாங்க மாட்டார்கள், ரெண்டு ரெண்டு பேராகத்தான் போவார்கள், வாசப்படி தாண்ட மாட்டார்கள், தெருமுனையில் பெரியவர் ஒருவர் நிற்பார் என்று கால் மணி நேரம் விளக்கினேன். "அப்ப தெருமுனைல நானே நிக்கிறேன்" என்றார். ரெண்டு ஞாயிறும் நின்றார்.

காசு கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். ரசீது புத்தகம் இல்லாமல் பத்து ரூபாயைத் தொட்டாலும் அது எங்கே போனது என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியது பதின்மூன்று வயதுப் பையனாக இருக்கும். அப்படியும் ஒருவன் ஒரு தாத்தாவின் மனம் கோணக் கூடாதென்று ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டு, உள்ளங்கையில் வேர்க்க வேர்க்கப் பிடித்தபடி என்னிடம் வந்து நின்றான். அவனையே திருப்பி அனுப்பினேன்.

180 பைக்கு எங்கே போவது? விளக்குத்தூண் பக்கம் மொத்த விலைக்கு மஞ்சப்பை கிடைக்கும், ஆனால் எங்களிடம் பணமில்லை. குருளையரிலிருந்து (சாரணரில் சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவு) அந்த வருடம்தான் படைக்கு வந்த சின்னப் பையன் ஒருவன், "சார், எங்க வீட்ல கல்யாணப் பை பீரோ மேல ஒரு கட்டே கெடக்கு" என்றான். மதுரையில் எந்த வீட்டில்தான் இல்லை? மூன்று நாளில் 180-க்கு மேலேயே தாம்பூலப் பை சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பையிலும் ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண், ஒரு மண்டபம். செல்லூரில் ஒரு பாட்டி பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது நம்ம சின்னவ கல்யாணப் பைடி!" என்று உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டார். அந்த வீட்டிலிருந்து அடுத்த வாரம் ரெண்டு பை வந்தது.

கழுகு அணித் தலைவன் இதில் ஒரு வேலை செய்தான். ஒவ்வொரு பையின் காதிலும் சீட்டைக் கட்டி, அதில் தெருவையும் கதவு எண்ணையும் பென்சிலால் எழுத வைத்தான். எத்தனை திரும்பி வந்தது என்று கணக்குப் பார்க்கத்தானே, இவ்வளவு மெனக்கெடணுமா என்று எனக்கு உள்ளுக்குள் சலிப்புதான். சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அண்ணா நகர்ப் பக்கம் 60 பை, செல்லூரில் 120 என்று பிரித்திருந்தோம். அண்ணா நகரில் பாதி அடுக்குமாடிகளில் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. "அசோசியேஷன்ல லெட்டர் வாங்கிட்டு வாப்பா" என்றார்கள். பைகளை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தது 22. செல்லூரில் அந்தக் கதையே இல்லை. தறிச் சத்தமும் பாத்திரப் பட்டறையில் தகடு தட்டுகிற சத்தமுமாக இருக்கிற சந்துகளில் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். "யாரு, வாத்தியார் பள்ளிக்கொடத்துப் புள்ளைகளா?" என்ற ஒரு கேள்வியோடு சரி. 120-க்கு 105 பை வந்தது.

பை வாங்கப் போன ஞாயிறு, பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லவா வேண்டும். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். பையன்கள் ஸ்கார்ஃபை அவிழ்த்துப் பைகளின் மேல் போர்த்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு எண்ணெய்ப் பாக்கெட் உடைந்து ஒரு பை துவரம்பருப்பு வீணானது. மற்றபடி எல்லாம் பள்ளியின் சத்துணவுக் கூடத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பிரிக்கும்போது நான் போட்ட ஒரே விதி: எந்தப் பையையும் நேரே சாக்கில் கொட்டக் கூடாது. முதலில் தாம்பாளத்தில் கொட்டிப் பார், வண்டு இருக்கிறதா, ஈரமா, பாக்கெட்டில் தேதி தாண்டிவிட்டதா என்று பார், அப்புறம் சாக்கு. நாலாவதோ ஐந்தாவதோ பையில் ஒருவன் குரல் கொடுத்தான்.

"சார்! பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கு சார்!"

போய்ப் பார்த்தேன். தடித்த புழுங்கல் அரிசி, லேசான பழுப்பு. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பால் வெள்ளையில் சில மணிகள். ஒருவன் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து போட, அந்த வெள்ளை மணிகள் மேலே மிதந்தன. "பாத்தீங்களா சார்!"

வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியுமா. அது பிளாஸ்டிக் இல்லைடா, செறிவூட்டப்பட்ட அரிசி, அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, அரிசி மாதிரியே அச்சில் வார்த்து, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்று கலக்கிறார்கள், ரத்தசோகைக்காக, என்று அங்கேயே ஒரு பாடம் எடுத்தேன். பையன்களும் தலையாட்டினார்கள். பாடத்தை முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. இந்த மணி எந்த அரிசியில் இருக்கும்?

பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பையனின் தாத்தா ரேஷன் கடையில் எடையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார்.

"நம்ம கடை அரிசிதான் சார். இத வண்டில ஏத்திராதீங்க."

"வீட்ல இருந்து தானமாக் குடுத்ததுதானேங்கய்யா?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்புட்டு வீட்டு ரேஷன் அரிசியும் ஒரே குட்டியானைல மூட்டையாப் போச்சுன்னா, வழில நிறுத்துறவனுக்கு அது கடத்தல். வண்டியையும் சேத்துப் பிடிச்சிருவான். புள்ளைகள வேற கூட வச்சிருக்கீங்க."

அவர் சொன்னது சரிதான். ரேஷன் அரிசி அட்டைதாரருக்கு உரியது, கைமாற்றக் கூடாது. மூட்டையாகக் கொண்டுபோனால் 1955-ஆம் வருட அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு வரும். இதற்கென்றே குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை இருக்கிறது. பேப்பரில் வாரம் ஒரு தடவையாவது படிக்கிற செய்திதான். சீட்டில் "அரிசி" என்று எழுதியபோது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. ரேஷன் அரிசியை மாவுக்கு மட்டும் வாங்குகிற வீட்டில் நான் இருக்கிறேன். அதையே சோறாக வடிக்கிற வீட்டில், அரிசி கொடு என்று கேட்டால் வேறு எதைக் கொடுப்பார்கள்?

ஒவ்வொரு பையாகத் தாம்பாளத்தில் கொட்டிப் பிரித்ததில் ரேஷன் அரிசியாக 31 வீட்டுப் பைகள் தேறின. 64 கிலோ. 31-ம் செல்லூர்.

சும்மா எங்காவது கொடுத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. கதவு எண் எழுதின சீட்டு அப்போதுதான் உதவியது. பைகளைப் பழையபடி கட்டினோம். காதுகளை வெறுமனே முடிந்தால் இழுத்தால் இறுகிக்கொள்ளும் அல்லது நழுவும். சாரணர் பயிற்சியில் கற்ற ரீஃப் முடிச்சு போட்டால் தூக்கும்போது பிடித்திருக்கும், ஒரு நுனியைச் சுண்டினால் அவிழ்ந்தும்விடும். ஒருவன் ரெண்டாவது சுற்றை மாற்றிப் போட்டுவிட்டு முழிக்க, பெரியவன் ஒருவன் பேசாமல் அவிழ்த்துச் சரியாகப் போட்டுக் காட்டினான்.

மாலை நாலு மணிக்கு மழை விட்டதும் கிளம்பினோம். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்பது, நம் ஊரில், முகத்தில் அடித்த மாதிரி. முதல் வீட்டில் அந்த அக்கா பையைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டார்.

"ஏன் தம்பி, புழு கெடந்துச்சா? பொடச்சித்தானே குடுத்தேன்."

"இல்லக்கா, ரேஷன் அரிசிய வண்டில கொண்டு போகக் கூடாதாம்..."

"நாங்க இதத்தானேப்பா திங்கிறோம்."

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கும் வார்த்தை வரவில்லை. தப்பு எங்க மேலதான்மா, சீட்டுல தப்பா எழுதிட்டேன், என்று இழுத்தேன். அப்போது கூட வந்த இன்னொருவன், நான் சொல்லிக் கொடுக்காமலே கேட்டான்: "அக்கா, உப்பு இருந்தா குடுங்கக்கா. அங்க தாத்தா பாட்டிகளுக்கு உப்புதான் இல்லையாம்." திட்டம் போட்டபோது இல்லத்து அக்கா சொன்னதை நான் அணித் தலைவர்களிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை.

அக்காவின் முகம் மாறியது. உள்ளே போய்ப் பிரிக்காத உப்புப் பாக்கெட் ஒன்றை எடுத்து வந்தார். பையன் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"உப்பக் கையில குடுக்கக் கூடாதுய்யா. சண்ட வரும்." வாசப்படியில் வைத்தார். பையன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

அடுத்த வீட்டிலிருந்து பையன்களே அப்படி நிற்க ஆரம்பித்தார்கள். பையை விரித்துத் தரையில் வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி. ரெண்டு வீட்டில், விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பு வெளியே போகக் கூடாது என்றார்கள், ஒரு சந்தனச் சோப்பும் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலும் கொடுத்தார்கள். ஒரு அண்ணன், தறியை நிறுத்தாமலே, பையனிடம் பணத்தைக் கொடுத்து முக்குக் கடையில் உப்பு வாங்கிக்கச் சொன்னார். காசு கூடாதென்று அவன் மறுக்க, கடைசியில் அவரே எழுந்து போய் வாங்கி வந்தார், திட்டிக்கொண்டே. நாலு வீடு பூட்டியிருந்தது. அந்தப் பைகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தோம். ஒரு வீட்டில் மட்டும் கதவை மூடிக்கொண்டார்கள். பையை வாசலில் வைத்துவிட்டு வந்தோம்.

38 பாக்கெட் உப்பு சேர்ந்தது.

இல்லத்துக்குப் போனது பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீதி 148 கிலோ அரிசியையும் பருப்பையும் இறக்கும்போது அந்த அக்கா மரியாதைக்கு நன்றி சொன்னார். உப்பு, சோப்பு இருந்த பெட்டியைத்தான் முதலில் பிரித்தார். டயப்பர் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து மறுவாரம் வாங்கி அனுப்பினோம். பெரியவர்களோடு போட்டோ வேண்டாம் என்று போகும்முன்பே பையன்களிடம் சொல்லியிருந்தேன். அதனால் லாக் புக்கில் ஒட்டப் படம் இல்லை.

செவ்வாய்க்கிழமை கழுகு அணித் தலைவன் லாக் புக்கோடு வந்தான். "சார், திருப்பிக் குடுக்கப் போன ரெண்டு மணி நேரத்தச் சேவையில எழுதலாமா? அன்னைக்கு நாம எதுவும் குடுக்கலையே." நடந்ததை எழுது என்றேன். "31 வீட்டு அரிசியைத் திருப்பிக் கொடுத்தோம். உப்பு வாங்கினோம்" என்று எழுதினான். தேர்வாளர் கேட்டால் கேட்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்த வருடச் சீட்டு ஜெராக்ஸுக்குப் போய்விட்டது. அரிசி அதில் இல்லை. உப்பு, குளியல் சோப்பு, தேங்காய் எண்ணெய், பெரியவர்களுக்கான டயப்பர். கடைசி வரியைப் பையன்கள் கேட்டுச் சேர்த்தார்கள்: "உப்பை வாசப்படியில் வைத்தால் போதும், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்."