ஒரே மெஷின், நாலு மோல்டு: மாதத் திட்டம் போடும் கணக்கு

பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டுக்குள் (அச்சு) செலுத்தி வார்க்கும் ஒரே இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினில் நாலு பொருள் ஓட்டுகிற பட்டறையில் "எதை எத்தனை அடிப்பது" என்பது இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, மாதத்தில் எத்தனை முறை மோல்டு மாற்ற நேரம் இருக்கிறது என்பதை. லாட் அளவு, அதாவது ஒரு முறை மோல்டை ஏற்றினால் எத்தனை அடிப்பது என்பது, அதிலிருந்து தானாக வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 25 நாள், தினம் இரண்டு ஷிப்ட்: 400 மணி. கரண்ட், ரிப்பேர் என 15 சதவீதம் கழித்தால் மிஞ்சுவது 340. மூடி மணிக்கு 720, தேவை 50,400: 70 மணி. டப்பா மணிக்கு 240, தேவை 24,000: 100 மணி. மக் மணிக்கு 100, தேவை 8,000: 80 மணி. கைப்பிடி மணிக்கு 300, தேவை 12,000: 40 மணி. ஆக 290. மணிக்கு எத்தனை என்பதை மோல்டு செய்தவர் சொன்ன சைக்கிள் டைமிலிருந்து (ஒரு தடவை அடிக்க ஆகும் நேரம்) எடுக்காதீர்கள். ஷிப்ட் நோட்டில் தேறிய நல்ல பீஸை வைத்துப் போடுங்கள்.

மீதி 50 மணி. பழைய மோல்டை இறக்கி, புதியதை ஏற்றி, பேரலில் (பிளாஸ்டிக் உருகும் குழாய்) நிற்கும் பழைய கலரைத் தள்ளி, முதல் நல்ல பீஸ் விழ இரண்டரை மணி ஆகிறது என்றால் 20 மாற்றம். நாலு பொருளுக்கு மாதம் ஐந்து சுற்று, ஒரு சுற்றுக்கு ஐந்து நாள், டப்பா லாட் 4,800. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் தந்த சிக்கன லாட் சூத்திரம் (மாற்றும் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து மிகக் குறைவாகும் லாட் அளவைத் தருவது) ஒவ்வொரு பொருளுக்கும் மெஷின் தனியாக இருப்பதாகவே பாவிக்கும். நாலுக்கும் தனித்தனியே போட்டு ஒட்டவைத்தால் ஒரே நாளில் இரண்டு பொருள் மெஷினைக் கேட்கும்.

சுற்றுக்குள் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். கறுப்புக்குப் பின் வெள்ளை ஏற்றினால் கழுவித் தள்ளவே நேரமும் பிளாஸ்டிக்கும் கரையும். கைப்பிடி போலக் குறைவாக ஓடும் பொருளை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஓட்டலாம். மிச்சமாகும் நேரம் அவசர ஆர்டருக்கு உதவும். அந்த அவசரம்தான் திட்டத்தை உடைக்கிறது. ஓடும் டப்பாவை நடுவில் நிறுத்தி வேறொன்றை ஏற்றித் திரும்பினால் இரண்டு மாற்றம், ஐந்து மணி, அதாவது 1,200 டப்பா. இந்த எண்ணை ஆர்டர் பிடிப்பவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

அடுத்தது எது என்பதற்கு, இருப்பைத் தினசரி விற்பனையால் வகுத்துப் பாருங்கள். டப்பா தினம் 960 போகிறது, கையில் 2,880 இருந்தால் மூன்று நாள். குறைந்த நாள் உள்ளதே முன்னால். எல்லாமே மூன்று நாளில் தீரும் நிலை வந்தால் வரிசையை எப்படி மாற்றினாலும் ஏதோ ஒன்றுக்குத் தட்டுப்பாடு வரும். அதனால் கையிருப்பு நாட்களை ஒன்றுக்கொன்று தள்ளியே வைத்திருக்க வேண்டும்.

தேவை 340 மணியைத் தாண்டினால் எதை விடுவது? பீஸ் லாபம் இங்கே ஏமாற்றும். மக்கில் 4 ரூபாய், மூடியில் 80 பைசா. ஆனால் மெஷின் மணிக்கு மக் 400 ரூபாய், மூடி 576. குறைக்க வேண்டியது மக்கை.

தீபாவளி போன்ற உச்ச மாதத்தில் மெஷின் நேரம் 40 மணி போதாமல் போகும் என்று தெரிந்தால் முந்தைய மாதங்களில் முன்கூட்டியே அடிக்க வேண்டும். ஒரு மெஷின் மணியில் முடங்கும் பணத்தைப் பாருங்கள்: மக் ஒன்றின் அடக்கம் 18 ரூபாய் என்றால் 1,800, கைப்பிடி 2 ரூபாய் என்றால் 600. கைப்பிடியை அடித்துச் சாக்கில் கட்டி வையுங்கள். எந்தக் கலர் ஓடும் என்று தெரியாத மக்கை உச்ச மாதத்துக்கே விட்டுவிடுங்கள்.